பர்ஸுக்குப் பூட்டு போடலாமா?

அடுத்த மாதம் ஒன்றாம் தேதி ஆபீஸ் போகிறீர்கள். அக்கவுண்ட்ஸ் மேனேஜர் கூப்பிடுகிறார்.

"தம்பி, இனிமே உங்க சம்பளத்துல நூத்துக்கு எண்பது ரூபா ஒரு கார்டுல ஏறும். மளிகை வாங்கலாம், கரண்ட் பில் கட்டலாம். ஏடிஎம்ல எடுக்க முடியாது. பிராந்திக் கடையில செல்லாது. சூதாட்டத்துக்கும் செல்லாது. மிச்சம் இருபது ரூபா மட்டும் ரொக்கமா எடுத்துக்கலாம்."

"ஏன் சார்?"

"நீங்க குடிச்சிடுவீங்களோன்னு ஒரு சந்தேகம்."

"சார், நான் காபியே அரை டம்ளர்தான்!"

"அது எங்களுக்கு எப்படித் தெரியும்? உங்க ஏரியாவுல நிறைய பேர் குடிக்கிறாங்களாமே!"

சிரிப்பு வருகிறதா? ஆஸ்திரேலியாவில் சில ஊர்க்காரர்களுக்கு வரவில்லை. அங்கே இது நிஜமாகவே நடந்தது. சம்பளத்தில் அல்ல, அரசாங்கம் ஏழைகளுக்கும் வேலையில்லாதவர்களுக்கும் தரும் உதவித் தொகையில்.

2007-ல் வடக்குப் பிரதேசத்தில் ஆரம்பித்தார்கள். பழங்குடி மக்களின் குடியிருப்புகளில் உதவிப் பணத்தில் பாதியை 'இதற்கு மட்டும்தான்' என்று ஒதுக்கி வைத்தார்கள். இதைச் செய்வதற்காக, இனப் பாகுபாடு கூடாது என்ற சட்டத்தையே அங்கே கொஞ்ச காலம் நிறுத்தி வைத்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்! 2016 மார்ச்சில் தெற்கு ஆஸ்திரேலியாவில் செடுனா என்ற சின்னக் கடலோர ஊரில் 'ரொக்கமில்லா கார்டு' வந்தது. 80 சதவீதம் கார்டில், 20 சதவீதம் கையில். அப்புறம் இன்னும் சில ஊர்கள்.

இதற்கு அவர்கள் வைத்த பெயர் 'இன்கம் மேனேஜ்மெண்ட்'. நம் ஊரில் இதற்கு வேறு பெயர் உண்டு: சம்பளக் கவரைப் பிரிக்காமல் அம்மாவிடம் கொடுப்பது. வித்தியாசம் என்னவென்றால், அம்மாவிடம் கெஞ்சலாம். "சனிக்கிழமை சினிமாவுக்கு அம்பது ரூபா கொடும்மா" என்று கேட்கலாம். கார்டிடம் கெஞ்ச முடியாது.

பழைய சைக்கிள் வாங்க முடியாத கார்டு

நோக்கம் நல்லதுதான். குடியும் சூதும் குறைய வேண்டும், குழந்தைகளுக்குச் சோறு கிடைக்க வேண்டும். யார் வேண்டாம் என்பார்கள்?

ஆனால் ஏழையின் வாழ்க்கை ரொக்கத்தில் ஓடுகிறது. பையனுக்கு செகண்ட் ஹேண்ட் சைக்கிள் வாங்க வேண்டும். விற்பவர் கார்டு மெஷினா வைத்திருப்பார்? ஒரே வீட்டில் நாலு பேர் பங்கு போட்டு வாடகை கொடுக்கிறார்கள். பங்கை எப்படிக் கொடுப்பது? சந்தையில் மலிவாகக் காய் வாங்குவது எப்படி? எல்லாவற்றையும் விட, கடையில் அந்தக் கார்டை நீட்டும்போது பின்னால் நிற்பவர் பார்க்கும் பார்வை! சொட்டு மது தொடாதவருக்கும் அதே கார்டு, அதே பார்வை.

நான் பி.காம். எங்களுக்கு முதலில் சொல்லிக் கொடுப்பது, 'செலவு எழுதினால் எதிரே வரவைக் காட்டு' என்பதுதான். ஆஸ்திரேலியாவின் தேசியத் தணிக்கை அலுவலகமும் அதைத்தான் கேட்டது. 2018-ல் கணக்குப் பார்த்துவிட்டு, இந்தக் கார்டால் சமூகக் கேடு குறைந்ததா என்று முடிவுக்கு வருவது கடினம் என்று எழுதியது. 2022-ல் மறுபடி பார்த்தது. திட்டம் தன் நோக்கத்தை அடைந்ததாக அப்போதும் காட்ட முடியவில்லை.

அந்த வருடம் ஆட்சி மாறியது. செப்டம்பரில் சட்டம் போட்டார்கள், 2023 மார்ச் 6-ம் தேதி அந்தக் கார்டு முடிவுக்கு வந்தது. கட்டாயம் முழுக்க ஒழிந்தது என்று சொல்லிவிட முடியாது. வடக்குப் பிரதேசம் போன்ற சில இடங்களில் வேறு கார்டு, வேறு விதி என்று தொடர்ந்தது. ஆனாலும் செடுனா போன்ற ஊர்களில் பூட்டு கழன்றது.

இங்கேதான் நமக்கான விஷயம் வருகிறது. பூட்டைக் கழற்றினால் மட்டும் போதுமா?

சில ஊர்த் தலைவர்கள், "கார்டு போனது, குடி கூடிவிட்டது" என்று புலம்பினார்கள். எதிர்த் தரப்பு, "கார்டு இருந்தபோதும் குடி இருந்தது, குடியை விட வைக்கும் ஆஸ்பத்திரிதான் இல்லை" என்றது. இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. பூட்டைப் போடுவது சுலபம், கழற்றுவதும் சுலபம். பூட்டு இருந்த இடத்தில் எதை வைப்பது என்பதுதான் கஷ்டம். அரசாங்கமும் அதை உணர்ந்து, அந்த ஊர்களில் குடி, போதை சிகிச்சைக்கும், உள்ளூர் ஆட்களே முடிவு செய்யும் திட்டங்களுக்கும் பணம் ஒதுக்கியது. ஆளைக் கண்காணிப்பதற்குப் பதில் ஆளுக்குப் பக்கத்தில் உதவியைக் கொண்டுபோய் வைப்பது.

'சரிப்பா, செடுனா எங்கே, நம்ம அம்பத்தூர் ஓ.டி. எங்கே?' என்கிறீர்களா? வருகிறேன்.

எஸ்டேட் டீக்கடையில் ஒரு விவாதம்

2023 செப்டம்பர் 15-ம் தேதி காஞ்சிபுரத்தில் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் தொடங்கியது. மாதம் 1000 ரூபாய், குடும்பத் தலைவியின் வங்கிக் கணக்கில். ஆரம்பத்திலேயே ஒரு கோடிக்கு மேல் பெண்கள். யாருக்கு என்பதற்கு விதி இருந்தது: குடும்ப வருமானம் ஆண்டுக்கு இரண்டரை லட்சத்துக்குள், மின்சாரம் ஆண்டுக்கு 3600 யூனிட்டுக்குள் என்றெல்லாம். எதற்குச் செலவழிக்க வேண்டும் என்பதற்கு மட்டும் விதி இல்லை. அதாவது, ஆஸ்திரேலியா போட்ட பூட்டை நாம் போடவே இல்லை.

அந்தச் சமயம் அம்பத்தூர் எஸ்டேட் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு டீக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். இரண்டு இளைஞர்கள். கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை, கையில் டீ.

"ஆயிரம் ரூபா சும்மா குடுக்கறாங்க மச்சான். நம்ம டாக்ஸ் காசு."

"நீ எங்கடா டாக்ஸ் கட்டுறே? உன் சம்பளத்துக்கு ரீஃபண்டுதான் வரும்."

"அதை விடு. குடுக்கறதைப் பொருளாக் குடுக்கணும்டா. காசாக் குடுத்தா புருஷன்காரன் புடுங்கிக் குடிச்சிருவான்."

"பொங்கலுக்குக் குடுத்தாங்களே பொருளா, வெல்லம் ஞாபகம் இருக்கா?"

கடைக்காரரே சிரித்துவிட்டார். 2022 பொங்கலுக்கு 21 பொருட்கள் கொண்ட பை கொடுத்தார்கள். ஒழுகிய வெல்லத்தைப் பற்றித் தமிழ்நாடே பேசியது. அடுத்த வருடப் பொங்கலுக்கு அரிசி, சர்க்கரை, கரும்போடு 1000 ரூபாய் ரொக்கமாகவே வந்துவிட்டது.

ஆனால் அந்த இளைஞர் கேட்டதை ஜோக்கடித்து ஒதுக்கிவிட முடியாது. 'காசு கொடுத்தால் குடித்துவிடுவார்கள்' என்பது நம்மில் பாதிப் பேர் மனசில் இருக்கும் எண்ணம். உலக வங்கியைச் சேர்ந்த டேவிட் ஈவான்ஸ், அன்னா போபோவா என்ற இருவர் இதை ஆராய்ந்தார்கள். ஏழைகளுக்குப் பணம் கொடுத்த பல நாட்டுத் திட்டங்களைப் பற்றி வெளிவந்த 19 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். பணம் வந்ததால் மதுவுக்கும் புகையிலைக்கும் செலவு கூடிவிடவில்லை என்பதுதான் மொத்தத்தில் தெரிந்தது. பல இடங்களில் கொஞ்சம் குறைந்துகூட இருந்தது.

'புருஷன் பிடுங்கிக்கொள்வான்' என்பது வேறு கேள்வி. அது நடக்கிற வீடுகளும் உண்டு. ஆனால் கவனியுங்கள். பிடுங்குபவன் அவன். அதற்காகப் பூட்டு அவள் பர்ஸுக்கா? அவன் கூலிப் பணத்தை எந்தக் கார்டும் தடுக்கப் போவதில்லை. அவளுக்கு வேண்டியது கார்டு இல்லை. அவனைக் கூட்டிக்கொண்டு போக ஒரு சிகிச்சை மையம், ஒரு பஸ் தூரத்தில். ராத்திரி பத்து மணிக்குப் போன் செய்தால் எடுக்கிற ஒரு குரல். பெண்களுக்கான 181-ம், 2022 அக்டோபரில் வந்த மனநல உதவி எண் 14416-ம் அந்த மாதிரிக் குரல்கள்தான். இந்த எண்களை எத்தனை ரேஷன் கடைச் சுவரில் எழுதி வைத்திருக்கிறார்கள்? அடுத்த முறை சர்க்கரை வாங்கப் போகும்போது பாருங்கள்.

2003 நவம்பரில் சில்லறை மது விற்பனையையும் டாஸ்மாக் கையில் எடுத்துக்கொண்டது. ஒரு கை விற்கும்போது இன்னொரு கை சிகிச்சைக்கும் நீள வேண்டும் என்று கேட்பதில் தப்பே இல்லை.

முதல் பூட்டைப் போட்டது யார்?

உரிமைத் தொகையில் இன்னொரு வேடிக்கை நடந்தது. அரசாங்கம் பூட்டுப் போடவில்லை. சில வங்கிகள் போட்டன! முதல் மாதப் பணம் ஏறியதுமே, மினிமம் பேலன்ஸ் இல்லை, பழைய சர்வீஸ் சார்ஜ் பாக்கி என்று பிடித்துக்கொண்டார்கள். புகார்கள் குவிந்தன. உதவித் தொகையை வேறு எதற்கும் நேர் செய்யக் கூடாது என்று நிதி அமைச்சர் தங்கம் தென்னரசு அறிக்கை விட வேண்டி வந்தது. புகார் செய்ய 1100 என்ற எண்ணையும் கொடுத்தார்கள்.

எங்கள் தெரு அக்கா ஒருவர் ஆவடியிலிருந்து எஸ்டேட்டில் எக்ஸ்போர்ட் கம்பெனிக்குப் போகிறவர். அந்தச் சமயம் என்னிடம் பாஸ்புக்கைக் காட்டி, "தம்பி, நீங்க காமர்ஸ் படிச்சவருதானே, இந்த எழுத்துக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டார். ஆயிரம் வந்த வரிக்கு அடுத்த வரியில் ஒரு கழித்தல். பக்கத்தில் ஆங்கிலத்தில் நாலு எழுத்துச் சுருக்கம். அதன் அர்த்தம் தெரிய எனக்கு மூன்று வருடக் கல்லூரி தேவைப்பட்டது. அவருக்குத் தேவை, வங்கியில் உட்கார்ந்து தமிழில் பதில் சொல்ல ஒரு ஆள்.

இதுவும் ஒரு உள்ளூர் உதவிதான், சார். பெரிய பட்ஜெட் வேண்டாம். ஒரு நாற்காலி, ஒரு மேஜை, கொஞ்சம் பொறுமை.

பாண்டிச்சேரியில் என்ன ஆச்சு?

'அப்போ எல்லாத்தையும் காசாக் குடுத்துட்டு, ரேஷன் கடையை மூடிடலாமே' என்று சில பொருளாதாரப் புலிகள் சொல்வார்கள். அதையும் ஒரு ஊரில் செய்து பார்த்தார்கள். நம் பூந்தமல்லியிலிருந்து அரை நாளுக்குள் போய்விடக்கூடிய புதுச்சேரியில்!

2015 செப்டம்பரில் சண்டிகரிலும் புதுச்சேரியிலும் ரேஷன் தானியத்துக்குப் பதில் வங்கியில் பணம் போடும் முறை தொடங்கியது. நிதி ஆயோக்குக்காக ஆராய்ச்சியாளர்கள் வீடு வீடாகப் போய்க் கேட்டார்கள். அரசாங்க ஏட்டில் கிட்டத்தட்ட எல்லோருக்கும் பணம் போய்விட்டது. வீட்டில் கேட்டால், "வரலையே" என்று பல பேர். எந்தக் கணக்கில் விழுந்தது என்றே பலருக்குத் தெரியவில்லை. வங்கிக்குப் போய், ஏடிஎம்முக்குப் போய், அப்புறம் கடைக்குப் போய் அரிசி வாங்குவதற்கு ரேஷன் க்யூவை விட நேரமும் செலவும் கூடுதல். இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். நாளாக ஆக, பழகியவர்களில் பணமே தேவலை என்றவர்களும் கூடினார்கள். இஷ்டப்பட்ட அரிசியை வாங்கலாமே!

ஆனால் அரிசி வேண்டும் என்ற குரல் புதுச்சேரியில் ஓயவில்லை. இலவச அரிசியா, அதற்குப் பதில் பணமா என்று அப்போதைய முதல்வர் நாராயணசாமிக்கும் துணைநிலை ஆளுநர் கிரண் பேடிக்கும் நடந்த சண்டை சென்னை உயர் நீதிமன்றம் வரை வந்தது. 2020-ல் தீர்ப்பு பணத்தின் பக்கம். ஜனங்களின் தீர்ப்பு வேறு. 2024 தீபாவளி சமயத்தில், பல வருடம் பூட்டிக் கிடந்த ரேஷன் கடைகள் மறுபடி திறந்து, அரிசியும் சர்க்கரையும் கொடுக்க ஆரம்பித்தன.

ஆக, ஆஸ்திரேலியா பணத்தைப் பூட்டியது. புதுச்சேரி கடையைப் பூட்டியது. இரண்டு இடத்திலும் கடைசியில் சாவியைத் தேடினார்கள்.

ஆயிரத்துக்குப் பக்கத்தில் 888

நம் பக்கத்துக் கணக்கைப் பார்ப்போம். அந்த அக்காவுக்கு ஆயிரம் ரூபாய் மட்டும் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? வந்த வழியே போயிருக்கும். அவர் சமாளித்ததற்குக் காரணம், அந்த ஆயிரத்தைச் சுற்றி நின்ற மற்ற விஷயங்கள்.

2011 ஜூனிலிருந்து ரேஷனில் இலவச அரிசி. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. இதனால் பெண்களுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சம் என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு சொன்னது. கவனித்தீர்களா, ஒரு பஸ் கிட்டத்தட்ட ஒரு உரிமைத் தொகைக்குச் சமம்! பஸ் வந்தால்தான் அந்தக் கணக்கு. வராவிட்டால் ஷேர் ஆட்டோவில் கரைந்துவிடும்.

2022 செப்டம்பரில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் விரிந்தது காலை உணவுத் திட்டம். அவர் ஏழரை மணிக்கு பஸ்ஸைப் பிடிக்கிறார் என்றால், பையனுக்குப் பள்ளியில் உப்புமா இருக்கிறது என்ற தைரியம்தான். 2021 ஆகஸ்டில் வந்த மக்களைத் தேடி மருத்துவம் அவருடைய மாமியாரின் சர்க்கரை மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டு வந்தது. அவசரத்துக்கு ஐயாயிரம் புரட்ட மகளிர் குழு. இந்தக் குழுக்களின் கதை 1989-ல் தர்மபுரியில் ஆரம்பித்தது.

"ஆயிரத்தை என்னக்கா பண்றீங்க?" என்று கேட்டேன்.

"மாசா மாசம் ஒண்ணே பண்ணுவோமா தம்பி? ஒரு மாசம் பையனுக்கு ஷூ. ஒரு மாசம் கேஸ். போன மாசம் எங்க அம்மா ஊருல திருவிழா, முந்நூறு ரூபாக்கு வளையல், பூ. தப்பா?"

தப்பே இல்லை. இந்த ஷூ, கேஸ், வளையல் வரிசையை எந்தக் கார்டாலும் எழுத முடியாது. ஜூன் மாதம் எது அவசரம், ஆடி மாதம் எது அவசரம் என்று அவருக்குத்தான் தெரியும். செக்ரட்டேரியட்டில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. டீக்கடையில் நின்றுகொண்டிருக்கும் நமக்கும் தெரியாது.

1936-லேயே சொல்லிவிட்டார்கள்

நமக்கே இந்த உரிமை சும்மா வந்துவிடவில்லை. ஒரு காலத்தில் இங்கிலாந்தில் முதலாளிகள் கூலிக்குப் பதில் டோக்கன் கொடுத்து, 'என் கடையிலேயே வாங்கிக்கொள்' என்றார்கள். அந்தக் கடையில் விலை கூடுதல். 1831-ல் சட்டம் போட்டு அதைத் தடுத்தார்கள். நம் நாட்டில் 1936-ன் கூலி வழங்கல் சட்டம், கூலியை நாணயமாகவோ நோட்டாகவோதான் தர வேண்டும் என்றது. பின்னாளில் செக்கும் வங்கிக் கணக்கும் சேர்ந்துகொண்டன. பண்டமாகத் தரலாம் என்று மட்டும் மாறவே இல்லை. 2019-ன் ஊதியச் சட்டத் தொகுப்பிலும் அந்த விதி அப்படியே இருக்கிறது.

'பி.எஃப். பிடிக்கிறார்களே, அது பூட்டு இல்லையா?' என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. 12 சதவீதம் பிடிக்கிறார்கள்தான். ஆனால் முதலாளியும் தன் பங்கைப் போடுகிறார், வட்டி வருகிறது, கடைசியில் மொத்தமும் உங்கள் பெயரில். கல்யாணத்துக்கும் வீட்டுக்கும் நடுவில் எடுக்கவும் வழி உண்டு. முக்கியமாக, 'நீ குடிகாரன்' என்று யாரும் அதைப் பிடிப்பதில்லை. பூட்டுக்கும் உண்டியலுக்கும் வித்தியாசம் இருக்கிறது, இல்லையா?

ஆகவே, அடுத்த முறை ஏதாவது ஒரு உதவித் தொகை பற்றிப் பேச்சு வரும்போது, 'அவங்க அதை என்ன பண்றாங்க?' என்று கேட்பதை விட்டுவிட்டு, வேறு நாலு கேள்வி கேட்டுப் பாருங்கள். பணம் முழுசாகக் கையில் சேர்கிறதா? அதை எடுக்க எவ்வளவு தூரம் போக வேண்டும்? ரேஷன் கடை திறந்திருக்கிறதா? குடியிலிருந்து மீள நினைப்பவனுக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறதா?

இந்தக் கேள்விகளைக் கேட்க டீக்கடையை விட நல்ல இடம் ஒன்று உண்டு. நகர்ப்புற வார்டுகளில் ஏரியா சபை நடத்த வேண்டும் என்று 2022-ல் தமிழ்நாட்டில் விதிகள் வந்தன. அம்பத்தூர் சென்னை மாநகராட்சியில் இருக்கிறது, ஆவடி 2019-ல் தானே மாநகராட்சி ஆகிவிட்டது, பூந்தமல்லி நகராட்சி. மூன்றுக்கும் கவுன்சிலர் உண்டு. உங்கள் ஏரியாவில் சபை எப்போது என்று அவரிடம் கேளுங்கள். போகும்போது பக்கத்து வீட்டு அக்காவையும் கூட்டிக்கொண்டு போங்கள். பேச வேண்டியவர் அவர்தான். நீங்கள் மைக்கை மட்டும் பிடித்தால் போதும்.